வலியைக் கேட்ட டாக்டர்

மாசி மாதத்தில் ஒரு விடியற்காலை. அரியக்குடிப் பக்கத்துப் பால் சொசைட்டியில் வரிசை வாசலைத் தாண்டி வேப்பமரம் வரைக்கும் நின்றது. கையிலிருந்த சாம்பிள் குப்பியை மேசையில் வைத்துவிட்டுப் பாண்டீஸ்வரி அப்படியே தரையில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை.

பதினோரு வருஷமாக அந்தச் சொசைட்டியில் டெஸ்டர் அவள்தான். கொண்டுவருகிற பாலில் ஒரு குப்பி எடுத்து மிசினில் வைத்து, கொழுப்பு எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று பார்த்துச் சொல்ல வேண்டும். தண்ணீர் கலந்த ஆளிடம் முகத்தில் அடித்தமாதிரிச் சொல்லமாட்டாள். "என்ன சித்தப்பு, நேத்து மாடு கொஞ்சம் கூடத் தண்ணி குடிச்சிருச்சோ?" என்பாள். வரிசையே சிரிக்கும். கேட்டவரும் சிரித்துவிட்டு மறுநாள் ஒழுங்காகக் கொண்டுவருவார். அதனால் அவளை ஊரில் பிடிக்காத ஆள் கிடையாது.

"என்னாத்தா செய்யுது?" பால் தூக்கை மண்ணில் வைத்துவிட்டு ஓடிவந்தாள் சிட்டாள். பாண்டீஸ்வரிக்குப் பக்கத்து வீட்டுக்காரி அவள்.

"ஒண்ணுமில்லக்கா. மாசாமாசம் வர்றதுதான். செத்த நேரத்தில சரியாப் போயிரும்."

சரியாகப் போகவில்லை. எப்போதும் இரண்டு மாத்திரையைப் போட்டு, இடுப்பில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டால் பால் லாரி வருகிற வரைக்கும் தாக்குப்பிடித்துவிடுவாள். அன்றைக்கு அடிவயிற்றுக்குள் ஈரத்துணியை முறுக்கிப் பிழிகிறமாதிரி இருந்தது. பிழிந்த கை விடவே இல்லை. சிட்டாளும் இன்னொருத்தியும் தோளில் தாங்கித்தான் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். அன்றைக்குச் சொசைட்டிச் செயலாளரே குப்பியைக் கையில் எடுத்தார். அவர் பார்த்ததில் ஊர் முழுக்கப் பாலில் தண்ணீர் இருந்தது. அதில் ஒரு சண்டை.

பாண்டீஸ்வரிக்கு முப்பத்துமூன்று வயது. கல்யாணமாகி ஒன்பது வருஷம். புருஷன் முத்தரசு அத்தை மகன்தான். காரைக்குடி போகிற ரோட்டில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறான். கிணற்று மோட்டார், போர் மோட்டார் எது கருகினாலும் அவனிடம்தான் வரும். மாமியார் அன்னக்கிளி, பாண்டீஸ்வரியின் அப்பாவோடு கூடப்பிறந்த அக்கா. இரண்டு மாடு, முக்கால் ஏக்கர் மிளகாய், இந்த மூன்று பேர். பிள்ளை இல்லை. அதைப் பற்றி வீட்டுக்குள் யாரும் ஒரு சொல் பேசுவதில்லை.

மறுநாள் காரைக்குடியில் புஷ்பவள்ளி டாக்டரிடம் போனார்கள். எட்டு வருஷமாக மாத்திரையும் ஊசியும் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டரம்மா. புது ஸ்கேனை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"கர்ப்பப்பைக்கு உள்ளே வளர வேண்டிய சதை வெளியில வளருதுன்னு முன்னாடியே சொல்லியிருக்கேன்ல ஈஸ்வரி. எண்டோமெட்ரியோசிஸ்னு பேரு. மாதவிலக்கு வந்தா அந்தச் சதையும் சேர்ந்து கசியும், புண்ணாகும், பக்கத்தில இருக்கிறதோட ஒட்டும். இப்ப ரெண்டு சினைப்பையிலயும் கட்டி. பின்னாடி குடலோட ஒட்டின மாதிரித் தெரியுது. இனிமே மாத்திரையில ஓட்ட முடியாது. ஆபரேஷன் வேணும்."

"எப்பண்டாலும் பண்ணுங்க டாக்டரம்மா" என்றான் முத்தரசு.

"நான் பண்ணமாட்டேன் தம்பி."

இருவரும் விழித்தார்கள்.

"சிசேரியன்னா கண்ணை மூடிக்கிட்டுப் பண்ணுவேன். இது வேற. வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு பண்றவ கையில இதைக் குடுக்கக் கூடாது. இதையே வேலையா வச்சிருக்கிற சர்ஜன்கள் இருக்காங்க. விசாரிச்சுப் போங்க. மொதத் தடவை வைக்கிற கத்திதான் முக்கியம்."

பைக்கில் திரும்பும்போது முத்தரசு புலம்பிக்கொண்டே வந்தான். "எட்டு வருஷம் பாத்துப்புட்டு இப்ப மாட்டேங்குதே இந்தம்மா."

"மாட்டேன்னு வாயைத் திறந்து சொல்லுச்சுல்ல மாமா. அது பெரிசு" என்றாள் பாண்டீஸ்வரி பின்னாலிருந்து.

விசாரிப்பது என்று கிளம்பினால் ஊரில் டாக்டருக்கா பஞ்சம்? பால் வரிசையில் நின்ற ஒவ்வொருவருக்கும் ஒரு டாக்டர் இருந்தார். ஒருவர் சிவகங்கையில் கைராசிக்காரர் என்றார். இன்னொருவர் எலும்பு முறிவுக்குப் பார்த்தவரையே சொன்னார். சிட்டாள் மட்டும், "மதுரையில ஏழு மாடி ஆஸ்பத்திரி ஒண்ணு இருக்கு ஆத்தா. எங்க மச்சினனுக்கு அங்கதான் கல்லை எடுத்தாக. கண்ணாடி மாதிரித் தரை" என்றாள். ஏழு மாடி என்றதுமே முத்தரசு விழுந்துவிட்டான். அந்த வாரமே கூட்டிப்போனான்.

தரை கண்ணாடி மாதிரிதான் இருந்தது. இரண்டரை மணிநேரம் உட்காரவைத்து உள்ளே கூப்பிட்டார்கள். அங்கேயும் ஒரு பெண் டாக்டர்தான். ஸ்கேனைப் பார்த்தார், முத்தரசைப் பார்த்தார்.

"எத்தனை குழந்தைங்க?"

"இல்ல டாக்டர். ஒம்பது வருசமாச்சு."

"இந்த நிலைமையில இனிமேலும் கஷ்டம். கர்ப்பப்பையை எடுத்துட்டா வலி போயிரும். வர்ற வெள்ளிக்கிழமைக்கு முந்தின நாள் அட்மிட் ஆகுங்க. வெளியில சிஸ்டர்கிட்ட எழுதிக் குடுங்க."

முழுதாக நாலு நிமிஷம் இருக்காது. பாண்டீஸ்வரி வாய் திறக்கவில்லை. திறக்கச் சொல்லியும் யாரும் கேட்கவில்லை.

திரும்பும் வழியில் திருப்பத்தூரில் பஸ் நின்றபோது முத்தரசு இறங்கி ஓடி இளநீர் வாங்கிவந்தான். "வலி போயிருமாம்ல ஈசு" என்றான். அவன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. மாதாமாதம் அவள் தலையணையைக் கடித்துக்கொண்டு சுருண்டு கிடப்பதை ஒன்பது வருஷமாகப் பார்த்தவன். ஒத்தடத்துக்குத் தவிடு வறுத்துத் துணியில் கட்டிக்கொண்டு வருவான். அதற்கு மேல் என்ன செய்வதென்று தெரியாமல் கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பான். அந்த நிம்மதியைக் கெடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. இளநீரை வாங்கிக் குடித்தாள். மேலூர் தாண்டியதிலிருந்தே கண்ணில் தண்ணீர் நின்றிருந்தது. வெயிலுக்குக் கண் கூசுவதாகச் சொல்லிக்கொண்டாள்.

சொசைட்டி முடிந்ததும் விசாலம் ஆச்சி வீட்டுக்கு ஒரு லிட்டர் பாலை அவளேதான் கொண்டுபோய் ஊற்றுவாள். இரண்டு தெருவுக்கும் நீளமாகக் கிடக்கும் அந்த வீட்டில் பின்கட்டில் மட்டும் ஆள் நடமாட்டம். ஆச்சிக்கு அறுபத்தைந்து இருக்கும். பேச்சு நறுக்கென்று இருக்கும். மதுரை போய்வந்த பிறகு ஒரு காலையில் பாலை வாங்கிக்கொண்டே, "மொகம் ஏன் இப்படி இருக்கு?" என்று கேட்டார். பாண்டீஸ்வரி சொன்னாள்.

"வெள்ளிக்கிழமையேவா? என்ன அவசரம் அவுகளுக்கு, கடையைச் சாத்தப் போறாகளா?"

"தேதி எழுதியாச்சு ஆச்சி."

"எழுதினா என்ன, கல்வெட்டா? உக்காரு இப்படி. எங்க நித்யாவுக்கும் இதேதான். மூணு தடவை கத்தி வச்சாக அந்தப் பொண்ணுக்கு. மொத ரெண்டு தடவை வச்சவுக இன்னாருன்னு நான் சொல்லமாட்டேன். மூணாவது தடவைதான் எங்க பொண்ணு சிரிச்சு நான் பாத்தேன்."

ஒரு கிண்ணத்தில் உளுந்தும் வெல்லமும் கிண்டிய கும்மாயத்தை வைத்துச் சாப்பிடச் சொல்லிவிட்டு, சென்னையில் இருக்கும் மகள் நித்யஸ்ரீக்குப் போன் போட்டுக் கையில் கொடுத்தார்.

நித்யஸ்ரீ வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் அவசரத்தை விட்டுவிட்டாள்.

"ஈஸ்வரி, நான் சொல்றதைக் கவனமாக் கேளுங்க. கர்ப்பப்பையை எடுக்கணுமா வேணாமாங்கிறது அப்புறம். நோய் வெளியில இருக்கு. அதை எடுக்காம கர்ப்பப்பையை மட்டும் எடுத்தா வெளியில இருக்கிறது அப்படியேதானே இருக்கும்? எனக்கு மொதல்ல பண்ணினவங்க மேலாக எரிச்சு விட்டாங்க. ஒன்றரை வருஷத்தில திரும்ப வந்துச்சு. அதனால எரிப்பீங்களா, அடியோட வெட்டி எடுப்பீங்களான்னு கேளுங்க. வருஷத்துக்கு எத்தனை பேருக்கு இதைப் பண்றீங்கன்னு கேளுங்க. பெரிய டாக்டர்கிட்ட இப்படிக் கேக்கலாமான்னு யோசிக்காதீங்க. நல்லாப் பண்றவங்களுக்குக் கோவம் வராது. உங்களுக்குக் குடல்ல இருக்குன்னா, குடல் டாக்டர் கூட நிப்பாரான்னு கண்டிப்பாக் கேக்கணும்."

பாண்டீஸ்வரி மடியில் கிடந்த பழைய டெஸ்ட் சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டாள். "அப்படி யாரு இருக்காக, நம்ம பக்கத்தில?"

"திருச்சியில நாராயண்னு ஒருத்தர் இருக்கார். எனக்குப் பண்ணின டாக்டரே சொன்னாங்க, அந்தப் பக்கத்து ஆளுன்னா அவர்கிட்டப் போகச் சொல்லுங்கன்னு."

"ஆம்பளையா?"

"ஆம்பளைதான். நானும் மொதல்ல யோசிச்சிருப்பேன் ஈஸ்வரி. ரெண்டு தடவை வெட்டுப்பட்ட பொறகு யோசிக்கத் தோணாது."

சாயந்திரம் வீட்டில் அதைச் சொன்னதும் முத்தரசு தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டான். "தேதி குடுத்துட்டாக ஈசு. இன்னும் நாலு நாள்ல வலி போயிரும். இப்பப் போயி இன்னொரு ஆளா? அதுவும் ஆம்பளை?"

"கேட்டுட்டு வருவோம் மாமா. கேக்கத்தானே."

"ஆத்தா, நீயாச்சும் சொல்லு."

அன்னக்கிளி கருவாட்டுக் குழம்பைக் கரண்டியால் கிளறிக்கொண்டிருந்தாள். மதுரையில் என்ன சொன்னார்கள் என்று முத்தரசு சொன்ன நாளிலிருந்தே அவள் சரியாகப் பேசவில்லை. "ஆம்பளைகிட்டக் காட்டுறதெல்லாம் நம்ம வீட்டுல பழக்கமில்ல" என்றாள். அதோடு எழுந்து மாட்டுக்கு வைக்கோல் போடப் போய்விட்டாள். மாட்டுக்கு ஏற்கனவே வைக்கோல் போட்டிருந்தது.

மறுநாள் பாண்டீஸ்வரி சொசைட்டி முடிந்து நேராக மிளகாய்க் கொல்லைக்குப் போனாள். மிளகாய்ப் பழமெடுப்பு நடந்துகொண்டிருந்தது. அன்னக்கிளி மட்டும் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வரப்போரமாக எடுத்துக்கொண்டிருந்தாள். பாண்டீஸ்வரி சேலையைச் செருகிக்கொண்டு எதிர்ப் பாத்தியில் இறங்கினாள். இரண்டு பேர் கையும் செடிக்குச் செடி போய்க்கொண்டிருந்தது. நெடி மூக்கில் ஏறியது. வெயில் ஏற ஏறப் பழம் கையில் சுடும்.

"கர்ப்பப்பையை எடுக்காத ஈசு" என்றாள் அன்னக்கிளி. தலை நிமிரவில்லை.

பாண்டீஸ்வரி கை நின்றது.

"எனக்கு முப்பத்தொரு வயசுல எடுத்தாக. தெரியுமா ஒனக்கு?"

"தெரியும் அத்தே. கட்டி இருந்துச்சுன்னு அப்பா சொல்லும்."

"கட்டியுமில்ல கிட்டியுமில்ல. வலி. ஒனக்கு எப்படி வருதோ அப்படித்தான். நடவு அன்னைக்கு வரும், அறுப்பு அன்னைக்கு வரும். அதுக்கு நாள் தெரியுமா, கிழமை தெரியுமா? எங்க மாமியா என்னைய வேலைக்கள்ளின்னு பேரு வச்சிருச்சு. 'வேலைக்கள்ளிக்கு இன்னைக்கு வயித்துவலியாம்'னு தெருவுல சொல்லிச் சிரிக்கும். முத்தரசு அப்ப ஒம்பது வயசுப் பய. அவனும் அதைக் கேட்டுக்கிட்டு, 'ஆத்தா வேலைக்கள்ளி'ன்னு பாட்டாப் பாடுவான். ஒண்ணும் தெரியாத பிள்ளை, அவனைச் சொல்லி என்ன."

ஒரு கொத்துப் பழத்தைப் பறித்து மடியில் போட்டாள்.

"காரைக்குடியில எடுத்துரலாம்னாக. போயித் தொலையட்டும்னு படுத்தேன். எடுத்தாக. ஆறு மாசம் கழிச்சு அதே எடத்துல அதே வலி. டாக்டர்கிட்டப் போயிச் சொன்னா, எடுத்தாச்சே ஆத்தா, இன்னும் எங்க வலிக்கும், எல்லாம் மனசுங்கிறாரு. மாமியாகிட்ட எப்படிச் சொல்றது? புருசன்கிட்ட எப்படிச் சொல்றது? எடுக்கிறதுக்கு இன்னும் என்ன இருக்கு? பத்து வருசம், அதுக்கு மேலயும் இருக்கும், பல்லைக் கடிச்சுக்கிட்டு இந்தக் கொல்லையில களை எடுத்தேன். பொறகு தன்னால கொறைஞ்சு போச்சு."

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல அத்தே. ஒம்பது வருசமா நான் சுருண்டு கெடக்கிறேன், நீங்க கஞ்சி வச்சுக் குடுக்கிறீக."

"கஞ்சி வச்சுத்தான குடுக்க முடிஞ்சுச்சு. இதெல்லாம் பேசுற பேச்சாடி?" அன்னக்கிளி முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தாள். கண் சிவந்திருந்தது. மிளகாய்க் கையால் துடைக்கப் போனவளைப் பாண்டீஸ்வரி எட்டிப் பிடித்து, தன் முந்தானையால் துடைத்துவிட்டாள். "நீ திருச்சிக்குப் போ. ஆம்பளையோ பொம்பளையோ, கேக்குற கேள்விக்கு ஒழுங்காப் பதில் சொல்றானான்னு பாரு. அவன்கிட்ட நான் பேசிக்கிறேன்."

அவன் என்றது முத்தரசை. என்ன பேசினாளோ, மறுநாள் காலையில் அவன் கடையைப் பூட்டிவிட்டு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நின்றான். முகம் மட்டும் இறுகியிருந்தது.

திருச்சியில் டாக்டர் நாராயணின் ஆஸ்பத்திரி இரண்டே மாடி. காத்திருக்கிற பெண்களெல்லாம் ஏதோ ஒரு வகையில் தன்னைப் போலவே உட்கார்ந்திருப்பதாகப் பாண்டீஸ்வரிக்குத் தோன்றியது. ஒரு பக்கமாகச் சாய்ந்து, பையை வயிற்றோடு அணைத்து. டாக்டருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லி. குரல் சன்னமாக இருந்தது. மேசையில் டீ ஆறி ஆடை படிந்திருந்தது. நர்ஸ் ஒருத்தி கூடவே நின்றாள்.

"பரிசோதனைக்குப் பெண் டாக்டர் வேணும்னா என்கூட வேலை பார்க்கிறவங்க இருக்காங்க, அவங்க பார்ப்பாங்க. மொதல்ல பேசுவோம்" என்றார். ஸ்கேன் உறையை முத்தரசு நீட்டினான். அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, நாற்காலியைப் பாண்டீஸ்வரி பக்கம் திருப்பினார்.

"எங்க வலிக்குது? ஒரு விரலை வச்சுக் காட்டுங்க."

அவள் மடியிலிருந்த பையைக் கீழே வைத்தாள். பிறகு அடிவயிற்றில் இடதுபக்கம் விரலை வைத்தாள். அங்கிருந்து இடுப்புக்குப் பின்னால் கொண்டுபோனாள். விரல் அங்கேயே நின்றது.

"அந்த நாள்கள்ல வெளிக்குப் போறப்ப வலிக்குமா? கத்தி வச்ச மாதிரி?"

பாண்டீஸ்வரி முத்தரசைப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள். "வலிக்கும்."

"எத்தனை வருஷமா?"

"அஞ்சு. அதுக்கு மேலயும் இருக்கும். அதனால ரெண்டு நாளைக்கு முன்னாடியே சாப்பிடமாட்டேன்."

முத்தரசு திரும்பினான். "அப்ப அந்த விரதமெல்லாம்? அம்மனுக்கு இருக்கேன்னு சொன்னியே."

"விரதமில்ல மாமா."

அவன் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தான். ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

பாண்டீஸ்வரி சீட்டை விரித்துப் படித்தாள். "நீங்க வருசத்துக்கு எத்தனை பேருக்கு இதைப் பண்ணுவீக?"

"போன வருஷம் தொண்ணூறு பேருக்குக் கிட்ட. உங்களை மாதிரிக் குடலோட ஒட்டினது அதில முப்பது இருக்கும்."

"எரிச்சு விடுவீகளா, வெட்டி எடுப்பீகளா?"

"வெட்டித்தான் எடுப்பேன். எரிக்கிறது ஏன் சரியா வராதுன்னா..."

"தெரியும் சார்" என்றான் முத்தரசு. அந்த அறைக்குள் வந்ததிலிருந்து அவன் டாக்டரிடம் பேசிய முதல் பேச்சு அது. "மோட்டார் காயில் கருகிப்போனா சில பேரு மேல வார்னிஷை அடிச்சுக் குடுத்துருவாக. ரெண்டு மாசம் ஓடும். அப்புறம் திரும்பக் கருகும். அடிக்காயில் வரைக்கும் உருவி எடுத்துட்டுப் புதுசாச் சுத்தணும். அதுக்குத்தான் நேரமாகும்."

டாக்டர் சிரித்துவிட்டார். "என்ன, புதுசாச் சுத்துறது எங்களுக்கு முடியாது. இருக்கிறதைச் சேதாரம் பண்ணாம எடுக்கணும். அதுதான் கஷ்டம்."

குடல் சர்ஜன் கூடவே நிற்பார் என்றார். தன்னிடம் செய்துகொண்டவர்களில் ஐந்து வருஷத்துக்குள் பத்துப் பேருக்கு இரண்டு பேர் என்ற கணக்கில் திரும்ப வந்திருக்கிறது என்றார். வராது என்று சத்தியம் பண்ணமாட்டேன் என்றார். கடைசிக் கேள்வி சீட்டில் இல்லை. பாண்டீஸ்வரி அதை எழுதியிருக்கவில்லை.

"பிள்ளை?"

"தெரியாதும்மா. உங்க சினைப்பையில எவ்வளவு மிச்சம் இருக்குன்னு ஒரு ரத்தப் பரிசோதனை இருக்கு, பார்ப்போம். ஆபரேஷனுக்கு அப்புறம் வாய்ப்பு கூடலாம். கூடாமலும் போகலாம். உங்க சம்மதம் இல்லாம கர்ப்பப்பையைத் தொடமாட்டேன். அவ்வளவுதான் இப்பச் சொல்ல முடியும்."

"எப்பப் பண்ணுவீக?" என்றான் முத்தரசு.

"எம்ஆர்ஐ எடுக்கணும். நானும் குடல் சர்ஜனும் ஒண்ணா உட்கார்ந்து பார்க்கணும். ஒன்றரை மாசம், ரெண்டு மாசம் ஆகும். அதுவரைக்கும் வலிக்கு மருந்து தர்றேன். இடையில வேற யார்கிட்டயாவது கேட்கணும்னாலும் கேளுங்க. நான் ஒண்ணும் நினைச்சுக்கமாட்டேன்."

வெளியே வந்து எதிர்த்த டீக்கடை நிழலில் நின்றார்கள். பங்குனி வெயில் தாரை உருக்கிக்கொண்டிருந்தது. முத்தரசு தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே நின்றான்.

"என்ன ஈசு?"

"இவருதான் மாமா."

"ரெண்டு மாசம் தாங்குவியா?"

"தாங்குவேன். இந்த ஆளு தெரியாததைத் தெரியாதுங்கிறாரு. அதோட, என்னையப் பாத்துக் கேட்டாரு, எங்க வலிக்குதுன்னு."

முத்தரசு மதுரைக்குப் போன் போட்டு, வெள்ளிக்கிழமை வரவில்லை என்று சொன்னான். போனை வைத்துவிட்டு, "நான் கேக்கவே இல்லையே ஈசு. தவிடு வறுத்தேன். எங்கன்னு கேக்கலையே" என்றான். அவள் அவன் தம்ளரை வாங்கிக் கீழே வைத்தாள். டீயைக் குடிக்காமலே ஆறவைத்துவிட்டான்.

வைகாசியில் ஆபரேஷன் நடந்தது. காப்பீட்டு அட்டையும் கடைச் சேமிப்பும் சேர்ந்து ஒரு வழியாகக் கூடிவந்தது. காலை எட்டு மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள். மயக்க மருந்துக்கு முன்னால் டாக்டர் முகக்கவசத்தோடு வந்து, "ஈஸ்வரி, நான்தான்" என்றார். அவ்வளவுதான் அவளுக்கு ஞாபகம்.

மிச்சத்தை முத்தரசு சொல்லித்தான் தெரியும். ஐந்து மணிநேரமும் அன்னக்கிளி ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாளாம். கட்டிக்கொண்டு போன தயிர்சோற்றை அவிழ்க்கவே இல்லையாம். கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து எழுந்து உட்கார்ந்ததில் பக்கத்திலிருந்த பெண் ஒருத்தி, "உங்க மகளா?" என்று கேட்டாளாம். "ஆமா, எம்மகதான்" என்றாளாம். டாக்டர் வெளியே வந்து, எல்லாவற்றையும் எடுத்தாச்சு, குடலை வெட்ட வேண்டியிருக்கவில்லை, மேலே சுரண்டி எடுத்ததோடு சரி, கர்ப்பப்பை பத்திரம் என்று சொன்னதும், முதல் வேலையாகத் தயிர்சோற்றை அவிழ்த்து டாக்டரைச் சாப்பிடச் சொல்லியிருக்கிறாள்.

வீட்டுக்கு வந்து நாற்பது நாள் பாண்டீஸ்வரியை ஒரு குடம் தூக்கவிடவில்லை. சிட்டாளும் வரிசைக்காரர்களும் முறைவைத்து வந்து பார்த்துப் போனார்கள். செயலாளர் டெஸ்ட் பார்ப்பதைப் பற்றிப் புகார் சொல்லத்தான் பாதிப் பேர் வந்தது.

ஆனி கடைசியில் மாதவிலக்கு வந்தது. காலையிலேயே பாண்டீஸ்வரி பாயை விரித்துவைத்துவிட்டாள். முத்தரசு கடைக்குப் போகவில்லை. வலித்தது. வலிக்காமல் இல்லை. ஆனால் வந்த வலி நிற்கவிட்டது, நடக்கவிட்டது. பத்து மணிக்கு அவளுக்குப் பசித்தது. அந்த நாளில் பசி என்று ஒன்று வருவதே அவளுக்குப் புதுசாக இருந்தது. அன்னக்கிளி இட்லி ஊற்றி, மிளகாய்த்துவையலை வைத்தாள். நாலு இட்லி சாப்பிட்டாள். அவள் சாப்பிடுவதை முத்தரசு எதிரில் குத்தவைத்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தான்.

"என்ன மாமா பாக்குறீக?"

"சாப்பிடு, சாப்பிடு. இன்னும் ரெண்டு வை ஆத்தா."

ஆடியில் திரும்பப் பார்க்க வரச்சொல்லியிருந்தார்கள். அன்னக்கிளி தானும் வருவேன் என்று கிளம்பினாள். டாக்டருக்கென்று வற்றல் மிளகாய் ஒரு பை நிறையக் கட்டியிருந்தாள். டாக்டர் பரிசோதித்து, நல்லபடியாக ஆறியிருக்கிறது என்றார். பிள்ளைக்கு ஆறு மாதம் பார்க்கலாம், பிறகு அடுத்தது பேசலாம் என்றார். மிளகாயை என்ன செய்வதென்று தெரியாமல் வாங்கி மேசைக்கடியில் வைத்தார். மூன்று பேரும் எழுந்தார்கள். எழுந்த அன்னக்கிளி மறுபடியும் உட்கார்ந்தாள்.

"தம்பி, நான் ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்கம்மா."

"எடுத்த பொறகும் வலிச்சா, அது மனசுல வர்ற வலியா?"

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். யாருக்கு, எப்போது என்று கேட்டார். அன்னக்கிளி சொன்னாள். கொல்லையில் பாண்டீஸ்வரியிடம் சொன்னதைவிடச் சுருக்கமாகத்தான் சொன்னாள். முத்தரசு கதவுப்பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். வேலைக்கள்ளி என்ற சொல் வந்த இடத்தில் அவன் தலை கவிழ்ந்தது.

"முப்பது வருஷத்துக்கு முந்தினதை இப்பப் பார்த்து உறுதியாச் சொல்ல முடியாதும்மா" என்றார் டாக்டர். "ஆனா நீங்க சொல்றதைப் பார்த்தா உங்களுக்கும் இதே நோயா இருந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ரத்த சொந்தத்தில வரும். கர்ப்பப்பையை மட்டும் எடுத்திருப்பாங்க, வெளியில இருந்ததை விட்டிருப்பாங்க. வயசு ஏறினப்ப அதுவா அடங்கியிருக்கும். மனசுல வந்த வலி இல்லை. நெசமான வலிதான். உங்களுக்கு வயித்திலதான் வலிச்சிருக்கு."

அன்னக்கிளி இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டாள். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்ததும் உடம்பு குலுங்கியது. சத்தம் வரவில்லை. பாண்டீஸ்வரி ஒரு பக்கம் ஒட்டி உட்கார்ந்தாள். முத்தரசு ஆத்தாவின் காலடியில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். வருகிறவர்கள் போகிறவர்கள் பார்த்தார்கள்.

"வேலைக்கள்ளி இல்லையாம்டா" என்றாள் அன்னக்கிளி.

"இல்ல ஆத்தா."

"நெசமாவே வலிச்சிருக்கு."

"ஆமா ஆத்தா."

கொஞ்சநேரம் கழித்து அன்னக்கிளி மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். எதிர்த்த டீக்கடைக்கு அவள்தான் முன்னால் நடந்தாள். ஆடிக்காற்று புழுதியை வாரிக்கொண்டு போனது. டீயை வாங்கி ஊதி ஊதிக் குடித்தாள்.

"பஸ் நிக்கிது ஆத்தா, ஓடினாப் பிடிச்சிரலாம். மாட்டுக்குத் தண்ணி காட்டணும்" என்றான் முத்தரசு.

"போனாப் போகுது, அடுத்த பஸ்ஸுல போவோம். மாட்டைச் சிட்டாள் பாத்துக்கிருவா" என்று சொல்லிவிட்டு, பெஞ்சில் காலை மடக்கி வசதியாக உட்கார்ந்துகொண்டாள் அன்னக்கிளி. "எனக்கு இன்னொரு டீ சொல்லு."